விண்டோஸ் டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு நாமே எழுதியதை வைக்க முடியுமா?

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், சி ஷார்ப் ஓரளவு வரும், விண்டோஸோடு வரும் டாஸ்க்பாரும் ஸ்டார்ட் மெனுவும் எனக்கு ஒத்துவரவில்லை, மொத்தத்தையும் எடுத்துவிட்டு நானே எழுதிய டெஸ்க்டாப்பை வைக்க முடியுமா, வைத்தால் கணினி கெட்டுப்போகுமா, எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் இயங்குதளத்தின் உடம்பா, அது போட்டிருக்கும் சட்டையா? சட்டைதான். கழற்றலாம். ஆனால் அந்தச் சட்டைப் பையில் என்னென்ன இருந்தது என்று பார்க்காமல் கழற்றிவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். என் பதிலில் பெரும்பகுதி அந்தப் பையைப் பற்றியது.

பொது இடங்களில் நிற்கும் கணினிகளுக்கு முகப்பு எழுதும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். டிக்கெட் எடுக்கும் தொடுதிரை, நூலகத்தில் புத்தகம் தேடும் கணினி, தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் திரை, இப்படி. விண்டோஸின் சொந்த டெஸ்க்டாப் எங்கேயும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதுதான் அவற்றுக்கு முதல் நிபந்தனை. விண்டோஸிலும் லினக்ஸிலும் செய்திருக்கிறேன். மேக் பக்கம் வேலை பார்த்ததில்லை, அதனால் அதை இங்கே தொடவில்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. விண்டோஸில் டெஸ்க்டாப்பைக் காட்டுவது எக்ஸ்ப்ளோரர் என்ற சாதாரண நிரல்தான். ஃபோல்டர்களைத் திறக்கும் அதே எக்ஸ்ப்ளோரர். இந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஷெல்லை மாற்றலாம் என்பது யாரோ கண்டுபிடித்த ஓட்டை இல்லை, ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. விண்டோஸ் 3.1 காலத்தில் சிஸ்டம் டாட் ஐஎன்ஐ என்ற ஃபைலில் 'ஷெல்' என்று ஒரு வரி இருக்கும், அதில் புரோக்ராம் மேனேஜரின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை எடுத்துவிட்டு நார்ட்டன் டெஸ்க்டாப் போன்றவற்றைப் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். இன்றைய விண்டோஸில் அதே வரி, அமைப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய்விட்டது. நீங்கள் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்ததும் வின்லாகான் என்ற நிரல் யூசர்இனிட் என்ற நிரலை ஓட்டும், அது ரெஜிஸ்ட்ரியில் வின்லாகான் என்ற சாவிக்கு (ஃபோல்டர் மாதிரி ஒரு பகுதி) கீழே உள்ள 'ஷெல்' மதிப்பைப் பார்த்து, அங்கே எழுதியிருக்கும் நிரலைத் தொடங்கும். அவ்வளவுதான். அங்கே நோட்பேட் என்று எழுதினால், வெற்றுத் திரையில் ஒரு நோட்பேட் மட்டும் வந்து நிற்கும்.

அப்படி நிற்கும்போது எவை போயின, எவை போகவில்லை என்று பார்ப்பது நல்ல பாடம். விண்டோக்களின் சட்டமும் தலைப்புப் பட்டையும் அப்படியே இருக்கும், இழுக்கலாம், பெரிதாக்கலாம். திரையில் எல்லாவற்றையும் சேர்த்து வரைவது டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற வேறொரு நிரல், விஸ்டாவில் வந்தது, விண்டோஸ் 8 முதல் அதை நிறுத்தவே முடியாது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் வரும் திரையும் வரும், ஏனென்றால் அது வின்லாகான் கையில் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜரும் திறக்கும். போனவை டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான்கள், விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தும் பெரும்பாலான குறுக்குவழிகள். இதோடு கண்ணுக்குத் தெரியாத சில பொறுப்புகளும் போய்விட்டன. அவற்றுக்கு வருகிறேன்.

கணினி கெடுமா என்ற பயத்துக்கு நேரான பதில்: கெடாது. ஆனால் உள்ளே வர முடியாமல் போகலாம். அதைத் தவிர்க்க ஒரு வழக்கத்தைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 'ஷெல்' மதிப்பை கணினி முழுவதற்கும் வைக்கலாம், ஒரு பயனருக்கு மட்டும் என்றும் வைக்கலாம். பரிசோதனைக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு திறந்து, அந்தக் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் மட்டும் மாற்றுங்கள். உங்கள் நிரல் திரும்பத் திரும்ப விழுந்தாலும் உங்களுடைய சொந்தக் கணக்கு எப்போதும்போல எக்ஸ்ப்ளோரரோடு திறக்கும். மெய்நிகர் கணினி ஒன்றில் செய்தால் இன்னும் நல்லது. சிக்கிக்கொண்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய நிரல் ஓட்டும் இடத்தில் ரெஜ்எடிட் (ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவி) என்று கொடுத்து, மதிப்பைப் பழையபடி மாற்றிவிட்டு வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தின் 22 கணினிகளுக்கு நாங்கள் எழுதிய ஷெல்லை, கணினி முழுவதற்குமாக வைத்துவிட்டோம். யாரும் நோண்டக்கூடாது என்று டாஸ்க் மேனேஜரையும் பூட்டியிருந்தோம். எங்கள் நிரல் தொடங்கும்போது நெட்வொர்க்கில் இருந்த ஒரு அமைப்பு ஃபைலைப் படிக்கும். ஒரு நாள் காலையில் அந்த சர்வர் எழுந்திருக்கவில்லை. 22 திரையும் கறுப்பு. நிரல் விழவும் இல்லை, ஓடவும் இல்லை, ஃபைலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து சரிசெய்து முடிக்க மாலை ஆகிவிட்டது, படிக்க வந்த பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். அதன்பிறகு நான் எந்த இடத்திலும் உண்மையான முகப்பை நேரடியாக ஷெல்லாக வைத்ததில்லை. நூறு வரிக்குள் எழுதிய ஒரு காவல் நிரலைத்தான் ஷெல்லாக வைப்பேன். அது முகப்பைத் தொடங்கும், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், 3 முறை தொடர்ந்து விழுந்தால் எக்ஸ்ப்ளோரரைக் கூப்பிட்டுவிடும். விண்டோஸ் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ஷெல் லாஞ்சர் என்ற வசதி இதே வேலையைச் செய்கிறது: நிரல் எந்தக் குறியீட்டோடு முடிந்தது என்பதைப் பார்த்து, மறுபடி தொடங்கவா, கணினியையே மறுதொடக்கம் செய்யவா என்று நாம் சொல்லிவைக்கலாம். வீட்டுக் கணினிகளின் ஹோம் பதிப்பில் அது இல்லை, அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, பைக்குள் இருப்பவை. முதல் பொறுப்பு, திறந்திருக்கும் விண்டோக்களின் பட்டியல். இது எளிது போலத் தோன்றும், எல்லா விண்டோக்களையும் வரிசையாகக் கேட்டு வாங்க ஒரு அழைப்பு இருக்கிறதே என்று. கேட்டுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும், அவற்றில் டாஸ்க்பாரில் காட்ட வேண்டியது ஏழெட்டுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிறதா, வேறொரு விண்டோவுக்குச் சொந்தமானதா, கருவிப்பெட்டி வகையா என்று சலிக்க வேண்டும். விண்டோஸ் 8க்குப் பிறகு இன்னொரு சல்லடையும் வேண்டும்: சில விண்டோக்கள் 'தெரிகிறேன்' என்று சொல்லும், ஆனால் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் அவற்றை மூடிமறைத்து வைத்திருக்கும். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் உங்கள் பட்டையில் பேய் பொத்தான்கள் நிற்கும். புதிய விண்டோ திறந்தது, மூடியது, முன்னே வந்தது என்ற செய்திகளை வாங்க ஷெல் ஹுக் என்ற ஏற்பாடு இருக்கிறது, அதில் பதிவு செய்துகொண்டால் போதும், நொடிக்கு நொடி பட்டியலை வாங்கிப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்தது பலரை விழவைக்கும் சின்ன விஷயம். எக்ஸ்ப்ளோரர் இல்லாதபோது ஒரு விண்டோவைச் சுருக்கினால் அது மறையாது, திரையின் கீழ் இடது மூலையில் குட்டித் தலைப்புப் பட்டையாக வந்து உட்காரும். விண்டோஸ் 3.1 காலத்துப் பழக்கத்தின் மிச்சம். சுருக்கியவற்றை மறைத்துவிடு என்று கணினிக்கு ஷெல்தான் சொல்ல வேண்டும். ஷெல் ஹுக் செய்திகள் ஒழுங்காக வருவதற்கும் இந்த அமைப்பு தேவை, அதனால் நிரலின் முதல் வேலையாகவே இதைச் செய்துவிடுங்கள். அதேபோல, ஒரு விண்டோவை முழுத்திரையாக்கினால் உங்கள் பட்டையை மூடிவிடும். பட்டைக்கு ஒதுக்கியது போக மீதிதான் வேலைப்பரப்பு என்று அறிவிப்பதும் ஷெல்லின் கடமை. இரண்டு திரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஐகான்கள் இருக்கும் இடத்துக்கு ட்ரே என்று பெயர். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான், ஏனென்றால் ஷெல் என்றால் என்ன என்று அங்கேதான் தெளிவாகப் புரியும். ஒரு நிரல் தன் ஐகானை அங்கே வைக்க விண்டோஸின் ஒரு அழைப்பைக் கூப்பிடும். அந்த அழைப்பு உள்ளே என்ன செய்கிறது? எக்ஸ்ப்ளோரரின் டாஸ்க்பார் விண்டோவுக்கு நிலையான ஒரு வகுப்புப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருள்ள விண்டோவைத் தேடிப்பிடித்து, ஐகானின் விவரங்களை ஒரு செய்தியாகக் கட்டி அதற்கு அனுப்புகிறது. அந்த விண்டோ எக்ஸ்ப்ளோரருடையதுதானா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. அதே பெயரில் நீங்கள் ஒரு விண்டோ உருவாக்கினால், எல்லா ஐகான்களும் உங்களிடம் வரத் தொடங்கும். கடிதத்தை ஆளைப் பார்த்துக் கொடுக்காமல், கதவிலக்கத்தைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகும் தபால்காரர் மாதிரி. வந்த கட்டுக்குள் என்ன வரிசையில் என்ன இருக்கிறது என்பதை மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தவில்லை, பிறர் பிரித்துப் பார்த்துக் கண்டறிந்ததுதான். 64 பிட் கணினியிலும் அந்தக் கட்டுக்குள் விண்டோ எண் 32 பிட்டாகவே வரும். தெரியாமல் படித்தால் ஐகான்களுக்குப் பதில் குப்பைதான் வரும். உங்கள் ஷெல் எழுந்தவுடன் 'டாஸ்க்பார் உருவாகிவிட்டது' என்ற பொதுச் செய்தியை எல்லா விண்டோக்களுக்கும் ஒலிபரப்ப வேண்டும். முறையாக எழுதிய நிரல்கள் அதைக் கேட்டதும் தங்கள் ஐகான்களை மறுபடி கொண்டுவந்து வைக்கும்.

கணினி தொடங்கும்போது தானாக ஓட வேண்டிய நிரல்களைத் தொடங்குவதும் எக்ஸ்ப்ளோரர்தான். ரெஜிஸ்ட்ரியின் ரன் சாவிகள், ஸ்டார்ட்அப் ஃபோல்டர் இரண்டையும் நீங்களே படித்து ஓட்டாவிட்டால் எதுவும் தொடங்காது. பின்னணிச் சேவைகளுக்கும் திட்டமிட்ட பணிகளுக்கும் இதனால் பாதிப்பில்லை.

இதுவரை சொன்னவை நம்பி எழுதக்கூடியவை, பல ஆண்டுகளாக மாறாதவை. இனிச் சொல்வது மணல்மேல் நிற்பது. விண்டோஸ் 8 முதல் வந்த புதுவகை ஆப்கள், இன்றைய செட்டிங்ஸ் உட்பட, எக்ஸ்ப்ளோரருக்குள் இருக்கும் இன்னொரு அடுக்கை நம்பி ஓடுகின்றன. எக்ஸ்ப்ளோரர் ஷெல்லாக இல்லாவிட்டால் அவை பெரும்பாலும் திறக்கவே மாட்டா. மூலையில் வந்து போகும் அறிவிப்புகள், பல டெஸ்க்டாப்களுக்கிடையே மாறும் வசதி ஆகியவையும் அந்த அடுக்கைச் சேர்ந்தவையே. சுற்றுவழிகள் இணையத்தில் கிடைக்கும். ஒரு பதிப்பில் வேலை செய்வது அடுத்த பெரிய புதுப்பித்தலில் நின்றுபோவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். குறிப்பிட்ட ஒரே வேலைக்கான கணினி என்றால் இது பெரிய இழப்பில்லை. நீங்கள் தினமும் பாடம் படித்து, அழைப்பு பேசி, படம் பார்க்கும் மடிக்கணினி என்றால், இது உங்களைத் தினமும் உறுத்தும்.

அதனால் என் யோசனை, கழற்றுவதற்கு முன் மேலே போர்த்திப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரை ஓடவிட்டு, அதன் டாஸ்க்பாரை மட்டும் மறைத்து, உங்களுடையதை அந்த இடத்தில் வைக்கலாம். புதுவகை ஆப்கள் எல்லாம் ஓடும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சி ஷார்ப் தெரிந்த உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. கெய்ரோ டெஸ்க்டாப் என்ற திறந்த மூல ஷெல் முழுக்க சி ஷார்ப்பில் எழுதப்பட்டது, எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாகவும் ஓடும், அதன்மேலும் ஓடும். அதன் அடிப்படைப் பகுதிகளை மேனேஜ்டுஷெல் என்ற தனி நூலகமாகப் பிரித்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன விண்டோ பட்டியல், வேலைப்பரப்பு, ட்ரே மூன்றும் அதில் இருக்கின்றன. அதை அப்படியே பயன்படுத்துங்கள் என்று சொல்லவில்லை, முதலில் படியுங்கள். ட்ரே செய்தியைப் பிரிக்கும் பகுதியைப் படித்தாலே ஒரு பருவத் தேர்வுக்கான பாடம் அதில் இருக்கிறது.

உங்கள் ஆர்வம் விண்டோஸின் மேல் இல்லை, டெஸ்க்டாப் கட்டுவதன் மேல்தான் என்றால், லினக்ஸுக்கு வாருங்கள் என்று மனதாரக் கூப்பிடுவேன். அங்கே நீங்கள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டாம், நுழைவாசலே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டுவது எக்ஸ் விண்டோ சிஸ்டம், வரையும் வேலையைச் செய்யும் அதன் நிரல் எக்ஸ் சர்வர். 1984இல் எம்ஐடியில் பிறந்த அதில், விண்டோக்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் விண்டோ மேனேஜரே இன்னொரு சாதாரண நிரல்தான். 'இனி எந்த விண்டோ தோன்றினாலும் முதலில் என்னைக் கேள்' என்று எக்ஸ் சர்வரிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் அது கிடைக்கும். கிடைத்ததும் நீங்கள்தான் விண்டோ மேனேஜர். டைனிடபிள்யூஎம் என்ற மாதிரி நிரல் சுமார் 50 வரியில் விண்டோக்களை நகர்த்தவும் அளவு மாற்றவும் செய்துகாட்டும். 2006இல் வந்த டிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் 2000 வரியைத் தாண்டக்கூடாது என்று தனக்கே எல்லை வகுத்துக்கொண்டது, தினசரிப் பயன்பாட்டுக்கு அதையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸெஃபிர் என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புக்குள்ளேயே ஒரு விண்டோவில் இன்னொரு எக்ஸ் சர்வரை ஓட்டும். உங்கள் விண்டோ மேனேஜர் அதற்குள் எத்தனை முறை விழுந்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது.

ஆனால் லினக்ஸ் உலகம் எக்ஸை விட்டு வேலேண்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த வடிவமைப்பில் திரையில் வரைவதும், விசைகளை வாங்கிக் கொடுப்பதும், விண்டோக்களை நிர்வகிப்பதும் கம்போசிட்டர் என்ற ஒரே நிரலின் வேலை. நீங்கள் விழுந்தால் திறந்திருந்த எல்லாமே உங்களோடு விழும், அதனால் பொறுப்பு கூடுகிறது. டபிள்யூஎல்ரூட்ஸ் என்ற நூலகம் கனமான பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும். அதோடு வரும் டைனிடபிள்யூஎல் என்ற மாதிரி நிரல் சுமார் 1000 வரி, அதிலிருந்து தொடங்கலாம். டாஸ்க்பார் மட்டும் எழுதினால் போதும் என்றால் லேயர் ஷெல் என்ற நெறிமுறை இருக்கிறது. ஸ்வே, கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்களில் ஓடும், க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் ஓடாது, அங்கே ஜாவாஸ்கிரிப்ட்டில் எக்ஸ்டென்ஷன்தான் எழுத வேண்டும்.

எந்தப் பக்கம் போனாலும் தமிழை முதல் நாளே சோதித்துவிடுங்கள். ஒரு விண்டோவின் தலைப்பில் 'கொய்யா' என்று வந்தால் உங்கள் பட்டையில் எப்படித் தெரிகிறது? யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் அடுத்தடுத்து வருவதுதான். கொம்பை முன்னால் கொண்டுபோய், காலைப் பின்னால் வைப்பது வரையும் நூலகத்தின் வேலை. விண்டோஸில் சி ஷார்ப்பில் முகப்பு எழுத உதவும் டபிள்யூபிஎஃப், லினக்ஸில் எழுத்து வரையும் பாங்கோ போன்றவை இதைச் சரியாகச் செய்யும். டிடபிள்யூஎம்மின் பட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாக நேரடியாக வரைவதால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்து பட்டையின் உயரத்தை வைத்தால் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் வெட்டுப்படும், கொஞ்சம் தாராளமாக விடுங்கள். தட்டச்சும் அப்படித்தான். தமிழ்99க்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது இப்போது எது இருக்கிறது என்று காட்டுவது விண்டோஸில் டாஸ்க்பாரின் வேலை, அதை எடுத்தால் நீங்கள் காட்ட வேண்டும். வேலேண்டில் உள்ளீட்டு முறைக்கான நெறிமுறைகளைக் கம்போசிட்டர் ஆதரிக்காவிட்டால் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ் தட்டச்சே வராமல் போகலாம்.

பார்வையற்றவர்களையும் நினைவில் வையுங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான், பொத்தானின் படத்தைப் பார்ப்பதில்லை, 'நான் ஒரு பொத்தான், என் பெயர் இது' என்று நிரல் சொல்வதைத்தான் படிக்கிறது. டபிள்யூபிஎஃப்பின் சொந்தப் பொத்தான்களைப் பயன்படுத்தினால் இது பெரும்பாலும் தானாக வரும். எல்லாவற்றையும் நீங்களே படமாக வரைந்தால் அவர்களுக்கு உங்கள் டெஸ்க்டாப் வெற்றுத் திரைதான்.

எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதற்குத் துல்லியமான எண் யாராலும் தர முடியாது. என் அனுபவத்தில், கடிகாரமும் விண்டோ பட்டியலும் உள்ள ஒரு பட்டை, கல்லூரி நேரம் போக, 3 வாரம். ட்ரே சேர்க்க இன்னும் அதே அளவு. அதை நீங்களே தினமும் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர ஒரு கல்வியாண்டு. இந்த வாரம் டாஸ்க்பாரை வரையத் தொடங்க வேண்டாம். எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஷெல் ஹுக்கில் பதிவு செய்து, வரும் செய்திகளை ஒரு ஃபைலில் வரி வரியாக எழுதும் சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். நோட்பேட், கால்குலேட்டர், பிரௌசர் மூன்றையும் திறந்து, சுருக்கி, மூடிப் பார்த்து, எந்த வரி எதற்கு வந்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அந்த ஃபைலில் ஏதாவது வரி புரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், பார்க்கிறேன்.